மேற்சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய்: நோய்நிர்ணயமும் காரணத் தேடலும்

தோற்றுவாய்

அரிதாக வரும் நோய்கள் இரு வகையில் மனிதனை வருத்துகின்றன. நோயினாலே நேரும் வருத்தம் ஒன்று. அந்நோய் உரிய காலத்தில் இனங்காணப்படாமையால் நேரும் வருத்தம் மற்றொன்று. மார்பு, வாய், கருப்பைக் கழுத்து ஆகிய உறுப்புகளிலே தோன்றும் புற்றுநோய்கள் பற்றி எமது மக்களிடையே ஓரளவு விழிப்பு ஏற்பட்டுள்ளது. ஆயின், சிறுநீரகத்தின் உட்குழியிலும் அங்கிருந்து சிறுநீரைக் கீழே கொண்டு செல்லும் குழாயிலும் புற்றுநோய் தோன்றக்கூடும் என்பதைக் கற்றவரிலும் பலர் அறியார். மருத்துவ மாணவர்தாமும் பாடநூலின் ஒரு சிறு பந்தியிலே இதனைக் கடந்து சென்றுவிடுவதுண்டு.

இக்கட்டுரையின் நோக்கம் இரண்டு. மேற்சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் எவ்வாறு இனங்காணப்படுகின்றது, எவ்வாறு கையாளப்படுகின்றது என்பதை விளக்குதல் முதலாவது. இந்நோயின் காரணிகளுள் ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக மறைந்து கிடந்து பின்னர் வெளிப்பட்ட வரலாற்றை எடுத்துரைத்தல் இரண்டாவது. அவ்வரலாறு மருத்துவ வரலாறு மாத்திரமன்று. எவருடைய நோய் கவனத்தைப் பெறுகின்றது, எவருடைய நோய் விதியெனக் கைவிடப்படுகின்றது என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

உறுப்பும் நோயும்

சிறுநீரகத்தில் வடிக்கப்படும் சிறுநீர் முதலிலே கிண்ணம் போன்ற சிற்றறைகளிற் சேர்ந்து, பின் புனல் வடிவான சிறுநீரக இடுப்பை அடைகின்றது. அங்கிருந்து 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளமான சிறுநீர்க்கான் வழியாகச் சிறுநீர்ப்பையை வந்தடைகின்றது. சிற்றறைகள், இடுப்பு, சிறுநீர்க்கான் ஆகிய இம்மூன்றையுமே மேற்சிறுநீர்ப்பாதை என்கிறோம். இப்பாதையின் உட்புறத்தையும் சிறுநீர்ப்பையின் உட்புறத்தையும் ஒரே வகையான மேலணி இழையமே போர்த்துள்ளது. விரியவும் சுருங்கவும் வல்ல இவ்விழையத்தைத் தாண்டல் மேலணி என்பர். இதிலிருந்து தோன்றும் புற்றுநோயே இக்கட்டுரையின் பொருள். சிறுநீரகத்தின் திண்மையான பகுதியிலே தோன்றும் புற்றுநோய் இதனின் வேறானது. அதன் இயல்பும் சிகிச்சையும் வேறு.

ஒரே போர்வையாயினும் நோய் எங்கும் ஒரே அளவிலே தோன்றுவதில்லை. தாண்டல் மேலணியிலே தோன்றும் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை சிறுநீர்ப்பைக்குரியவை. மேற்பாதைக்குரியவை 5 முதல் 10 சதவீதமே. மேலை நாடுகளில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ இருவர் என்ற அளவிலேயே இது காணப்படுகின்றது. ஆண்களிலே கூடுதலாகவும், எழுபது வயதைத் தாண்டியோரிடத்து மிகுதியாகவும் தோன்றுகின்றது. சிறுநீர்க்கானிலும் பார்க்க இடுப்பிலும் சிற்றறைகளிலும் ஏறத்தாழ இரு மடங்கு கூடுதலாக உண்டாகின்றது.

எண்ணிக்கையில் அருகியதாயினும் இந்நோய் கொடியது. சிறுநீர்ப்பையின் சுவர் தடித்த தசையாலானது. மேற்பாதையின் சுவரோ மெல்லியது. ஆதலின் இங்கு தோன்றும் கட்டி விரைவிலே சுவரை ஊடுருவி அயலிழையங்களை அடைந்துவிடுகின்றது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயுள் 15 முதல் 25 சதவீதம் வரையிலானவையே கண்டறியப்படும்போது தசையை ஊடுருவியிருக்கும். மேற்பாதைப் புற்றுநோயிலோ மூன்றில் இரு பங்கு, கண்டறியப்படும் வேளையிலேயே ஊடுருவிய நிலையை எய்திவிட்டிருக்கும். காலந்தாழ்த்தாது இனங்காண வேண்டியதன் அவசியம் இதிலிருந்து பெறப்படும்.

குணங்குறிகளும் நோய்நிர்ணயமும்

இந்நோயின் முதன்மையான குணங்குறி சிறுநீரிலே இரத்தம் காணப்படுதல். நோயாளருள் 70 முதல் 80 சதவீதத்தினரிடம் இது உண்டு. சிலரிடம் அது கண்ணுக்குப் புலனாகும். வேறு சிலரிடம் நுணுக்குக்காட்டியிலேயே தெரியவரும். இதிலே ஓர் ஏமாற்றும் உளது. இரத்தம் ஒருநாள் தோன்றி, நோவின்றி, மறுநாள் தானே நின்றுவிடலாம். நோயாளி அதனை உடற்சூடு என்றோ, வெயிலிலே வேலை செய்தமையால் வந்தது என்றோ எண்ணி இளநீர் பருகி ஆறுதலடைவார். சில மாதங்கள் கழிந்து மீண்டும் தோன்றும்போது காலம் கடந்திருக்கும். நோவின்றித் தோன்றி மறையும் இரத்தத்தைப் புறக்கணிக்கலாகாது என்பது எவரும் மனத்திற் கொள்ள வேண்டிய முதல் விதி.

விலாப்புற நோவு ஐவரில் ஒருவருக்கு உண்டாகலாம். கட்டியோ உறைந்த இரத்தமோ வழியை அடைப்பதாலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குதல் இதற்குக் காரணம். சிறுநீரகக் கல் மலிந்துள்ள எமது நாட்டில் இத்தகைய நோவு கல்லினால் வந்ததெனக் கொள்ளப்படுதல் இயல்பே. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எனினும், கல் காணப்படாதவிடத்தும், கல் அகற்றப்பட்ட பின்னர் இரத்தம் தொடர்ந்தவிடத்தும் ஐயம் எழுதல் வேண்டும்.

பரிசோதனைகளின் ஒழுங்கு பின்வருமாறு அமையும். கழியொலிப் பரிசோதனை எளிதானது. மாவட்ட வைத்தியசாலைகளிலும் செய்யத்தக்கது. சிறுநீரகம் வீங்கியிருப்பதை அது காட்டும்; சிறு கட்டிகளைத் தவறவிடும். 1929ஆம் ஆண்டில் மோசஸ் சுவிக், அயடீன் கொண்ட பதார்த்தமொன்றை நாளத்தினுட் செலுத்திச் சிறுநீர்ப்பாதையை எக்ஸ் கதிர்ப் படத்திலே காட்டும் முறையை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அம்முறையே நோய்நிர்ணயத்தின் தூணாக விளங்கியது. இன்று அதே தத்துவத்தின் வளர்ச்சியான சி.ரி. சிறுநீர்ப்பாதைப் படம் அதனிடத்தைப் பெற்றுள்ளது. இப்பரிசோதனை நோயுள்ளோரில் ஏறத்தாழ 92 சதவீதத்தினரைச் சரியாக இனங்காண்பதாகத் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன.

படத்திலே நோய் எவ்வாறு தோன்றும்? அயடீன் கலந்த சிறுநீர் பாதையை நிரப்பி வெண்மையாகத் தெரியும். கட்டி இருக்குமிடத்து அவ்வெண்மையில் ஒரு குறை தெரியும். ஆனால் அக்குறை எப்போதும் கட்டியாலானதன்று. உறைந்த இரத்தமும் அவ்வாறே தோன்றும். சாதாரண எக்ஸ் கதிருக்குப் புலனாகாத யூரிக்கமிலக் கல், நிழல்தரு பதார்த்தம் இட்ட படத்திலே கட்டியைப் போன்று காட்சியளிக்கும், சி.ரி. படத்திலே அது தன்னை வெளிப்படுத்திவிடும். காசநோய் சிறுநீர்க்கானைச் சுருக்கும்போது அதுவும் புற்றுநோயெனத் தவறாகக் கொள்ளப்படலாம்.

சிறுநீரிலே உதிர்ந்து வரும் கலங்களை நுணுக்குக்காட்டியால் ஆராய்தல் பிறிதொரு முறை. தீவிர தரத்துக் கட்டிகளை இது வெளிப்படுத்தும். மென்தரக் கட்டிகளிலே பெரிதும் பயன்படாது. சிறுநீர்ப்பையின் உட்புறத்தை உள்நோக்கியாற் பார்த்தல் இன்றியமையாதது. மேற்பாதை நோயாளருள் ஆறில் ஒருவரளவில் சிறுநீர்ப்பையிலும் கட்டி உடனிருத்தல் அதற்குக் காரணம்.

இறுதியாக, மெல்லிய உள்நோக்கியைச் சிறுநீர்க்கானினுள்ளே செலுத்திக் கட்டியை நேரிற் கண்டு, அதில் ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கென எடுக்கலாம். துணுக்கு மிகச் சிறியது. கட்டியின் தரத்தை அதனால் ஓரளவு நம்பிக்கையுடன் கூறலாம். எத்துணை ஆழம் ஊடுருவியுள்ளது என்பதைக் கூறுதல் அரிது. மேலும், இவ்வாறு உள்நோக்கியைச் செலுத்திய பின்னர் சிறுநீர்ப்பையிலே புதிய கட்டிகள் தோன்றும் வாய்ப்புக் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, சி.ரி. படமும் கலப்பரிசோதனையும் ஐயமற்ற விடையைத் தருமிடத்து இதனைத் தவிர்த்தலும், சிறுநீரகத்தைக் காத்தல் கூடுமோ என்ற வினா எழுமிடத்து இதனை மேற்கொள்ளுதலும் தக்கன.

சிகிச்சை முறைகள்

சிகிச்சையின் முதல் வினா, நோய் குறைந்த ஆபத்துடையதா கூடிய ஆபத்துடையதா என்பதே. கட்டி ஒன்றாய், சிறியதாய், மென்தரத்ததாய், படத்திலே ஊடுருவல் தோன்றாததாய் இருப்பின் சிறுநீரகத்தைக் காத்தல் இயலும். உள்நோக்கி வழியே லேசர்க் கதிரைச் செலுத்திக் கட்டியை அழிக்கலாம். சிறுநீர்க்கானின் நோயுற்ற துண்டை மாத்திரம் வெட்டி நீக்கி எஞ்சியதை இணைக்கலாம். மைற்றோமைசின் மருந்தைக் களியாக்கி மேற்பாதையினுள்ளே இடும் முறை 2020இல் ஐக்கிய அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது. அதற்கு ஆதாரமான ஆய்விலே மென்தர நோயுடைய 71 பேரில் 59 சதவீதத்தினரிடம் கட்டி முற்றாக மறைந்தது. எனினும் சிறுநீரகத்தைக் காத்துக்கொண்டவர் தொடர்ந்து பரிசோதனைக்கு உட்படுதல் வேண்டும். அதற்கு வசதியற்றவருக்கு இம்முறையைப் பரிந்துரைத்தல் நன்மைக்கு மாறாக முடியலாம்.

கூடிய ஆபத்துடைய நோய்க்குச் சிறுநீரகத்தையும், சிறுநீர்க்கான் முழுவதையும், அது சிறுநீர்ப்பையிலே திறக்கும் இடத்தைச் சூழ்ந்த சிறு வளையத்தையும் சேர்த்து அகற்றும் சத்திரசிகிச்சையே அடிப்படை முறை. சிறுநீர்க்கானின் அடிப்பகுதியை விட்டுவைப்பின் அவ்வெச்சத்திலே நோய் மீளத் தோன்றும். ஆதலாலே முழுமையாக அகற்றல் வலியுறுத்தப்படுகின்றது. 1991இல் கிளேமனும் அவர் தம் குழுவினரும் இதனைச் சிறு துளைகளூடாகச் செய்து காட்டினர்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் நோயாளருள் 22 முதல் 47 சதவீதம் வரையினரிடம் சிறுநீர்ப்பையிலே கட்டி தோன்றுகின்றது. மேற்பாதையிலிருந்து உதிர்ந்த கலங்கள் அங்கு சென்று பதிதலும், முழு மேலணியும் ஒரே நச்சுக்கு உட்பட்டிருத்தலும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். சத்திரசிகிச்சையை அடுத்து ஒரே ஒரு தடவை சிறுநீர்ப்பையினுள் மைற்றோமைசின் மருந்தைச் செலுத்துதல் இவ்வாபத்தைக் குறைக்கும் என்பதைப் பிரித்தானிய ஆய்வொன்று 2011இல் நிறுவியது. விலை குறைந்த இச்சிறு செயல் எந்நாட்டு வைத்தியசாலையிலும் செய்யத்தக்கது.

ஊடுருவிய நோய்க்குச் சத்திரசிகிச்சை மாத்திரம் போதுமானதன்று. 2020இல் வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வு 261 நோயாளரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. சத்திரசிகிச்சையின் பின் 90 நாட்களுக்குள் பிளாற்றினம் சார்ந்த இரசாயனச் சிகிச்சையைத் தொடங்கியோருள் 71 சதவீதத்தினர் மூன்றாண்டின் பின்னரும் நோயின்றி வாழ்ந்தனர். கண்காணிப்பு மாத்திரம் பெற்றோருள் அவ்வாறு வாழ்ந்தோர் 46 சதவீதத்தினரே. இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தாலேயே வெளியேற்றப்படுவது. சிறுநீரகத்தைத் தாக்கவும் வல்லது. நோயை நீக்குதற்குச் சிறுநீரகமொன்றை அகற்றியபின், எஞ்சிய மற்றைய சிறுநீரகம் அம்மருந்தைத் தாங்கும் வலுவற்றதாகிவிடலாம். இரு சிறுநீரகமும் உள்ளபோதே மருந்தை முன்கூட்டிக் கொடுத்தல் வேண்டும் என்ற கருத்து இதனாலேயே வலுப்பெற்று வருகின்றது. பரவிய நோய்க்கு நிர்ப்பீடனச் சிகிச்சை உட்படப் புதிய மருந்துகள் வந்துள்ளன. அவற்றின் விலை வறிய நாடுகளின் கைக்கெட்டாதது என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

காரணிகள்

சிகிச்சை இத்துணைச் சிக்கலானதாதலின், நோய் வாராமற் காத்தலின் முக்கியத்துவம் மிகுகின்றது. அதற்குக் காரணிகளை அறிதல் வேண்டும்.

புகைத்தல் முதன்மையானது. யாழ்ப்பாணத்துச் சுருட்டாயினும் வெள்ளைச் சிகரெற்றாயினும் புகையிலுள்ள நச்சுகள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு மேலணியை நனைக்கின்றன. புகைப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 2.5 முதல் 7 மடங்கு வரை அதிகம். அடுத்தது தொழில். ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணர் லூட்விக் ரேன் 1895இல் சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதைச் சுட்டிக்காட்டினார். பென்சிடின் முதலிய அரோமற்றிக் அமீன்கள் இதற்குப் பொறுப்பென்பது பின்னர் தெளிவாயிற்று. அவை மேற்பாதையையும் தாக்குவன. நீண்டகாலம் பெருமளவில் உட்கொள்ளப்பட்ட பினசெற்றின் என்னும் நோவுநீக்கி மூன்றாவது. பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்கள் பரம்பரையாக வரும் லிஞ்ச் கூட்டறிகுறி நான்காவது. அறுபது வயதுக்கு முன் மேற்பாதைப் புற்றுநோய் தோன்றின், குடும்ப வரலாற்றை விசாரித்தல் வைத்தியரின் கடமை.

ஐந்தாவது காரணியின் வரலாறே விரித்துரைக்கத்தக்கது.

பால்கன் கிராமங்களும் பிரசல்ஸ் நகரமும்

1956இல் பல்கேரிய வைத்தியர் தாஞ்செவும் அவர் தம் குழுவினரும் விராத்சாப் பகுதியின் கமக்காரரிடையே நாட்பட்ட சிறுநீரக நோயொன்றை விவரித்தனர். அடுத்த ஆண்டிலே சேர்பியாவிலிருந்து அத்தகைய செய்தி வந்தது. டான்யூப் நதியின் கிளையாறுகளை அண்டிய பல்கேரிய, ருமேனிய, சேர்பிய, பொஸ்னிய, குரோசியக் கிராமங்களிலே இந்நோய் நிலைகொண்டிருந்தது. சிறுநீரகங்கள் சத்தமின்றிச் சுருங்கின. நோயாளருட் பலர்க்கு மேற்சிறுநீர்ப்பாதையிலே புற்றுநோயும் தோன்றிற்று.

இந்நோயின் பரவல் விந்தையானது. ஒரு கிராமத்தில் நோய் மலிந்திருக்கும். சில கிலோமீற்றர் அப்பாலுள்ள கிராமம் நோயற்றிருக்கும். ஒரே குடும்பத்திலே பலரைத் தாக்கியது. ஆதலாற் பரம்பரை நோயெனச் சிலர் எண்ணினர். ஆனால் வேறிடத்திலிருந்து வந்து அக்குடும்பங்களிலே நீண்டகாலம் வாழ்ந்தோரும் நோயுற்றனர். பார உலோகங்கள், வைரசு, தானியத்திலே வளரும் பூஞ்சண நச்சு, நிலக்கரிப் படையினூடாக வரும் கிணற்று நீர் எனப் பல கருதுகோள்கள் எழுந்தன. எதுவும் முடிந்த முடிபாகவில்லை.

1969இல் யூகோசிலாவிய ஆய்வாளர் இவிச் வேறொரு கருத்தை முன்வைத்தார். அக்கிராமங்களின் கோதுமை வயல்களிலே அரிஸ்டோலோக்கியா கிளெமாற்றிற்றிஸ் என்னும் களை வளர்கின்றது. அறுவடையின்போது அதன் விதைகள் கோதுமையுடன் கலந்து மாவாகி, வீட்டிலே சுடும் பாணுடன் உண்ணப்படுகின்றன. நோய்க்கு அதுவே காரணமாதல் கூடும் என்றார். அக்கருத்து உரிய கவனத்தைப் பெறவில்லை. அத்தாவரத்தின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் எலிகளிலே புற்றுநோயை விளைப்பது அறியப்பட்டு, மேற்கு ஜேர்மனி 1981இல் அதனைக் கொண்ட மருந்துகளை விலக்கியது. அப்பொழுதும் எவரும் பால்கன் கமக்காரரின் பாணை நினைவுகூரவில்லை.

காட்சி பெல்ஜியத்தின் தலைநகருக்கு மாறுகின்றது. 1990ஆம் ஆண்டிலிருந்து பிரசல்ஸ் நகரச் சிகிச்சை நிலையமொன்றிலே உடல் மெலியும் பொருட்டு மூலிகைக் குளிகைகள் வழங்கப்பட்டன. அவற்றை உட்கொண்ட பெண்களின் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தன. வன்ஹேர்வெகம் குழுவினர் 1993இல் இதனை வெளியிட்டனர். ஸ்ரெபானியா ரெற்றண்ட்ரா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக, அதனை ஒத்த சீனப் பெயருடைய அரிஸ்டோலோக்கியா ஃபங்சி கலந்துவிட்டமையே காரணமென அறியப்பட்டது. பெயரின் ஓர் அசை மயக்கத்தால் நூறு பேருக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பாதிப்புற்றன.

அவர்களுட் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த 39 பேர், முன்னெச்சரிக்கையாகத் தம் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்கான்களையும் அகற்றுவிக்க இசைந்தனர். 2000ஆம் ஆண்டில் நோர்ற்றியே குழுவினர் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. அவர்களுள் 18 பேரிடம் புற்றுநோய் காணப்பட்டது. ஒருவரைத் தவிர ஏனையோருக்கு அது மேற்பாதையிலேயே தோன்றியிருந்தது. மூலிகையை மொத்தமாக 200 கிராமுக்கு மேல் உட்கொண்டோரிடம் ஆபத்து மிகுந்திருந்தது. குளிகையை நிறுத்தி ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் நோய் வளர்ந்து கொண்டிருந்தது என்பது கருதத்தக்கது.

பிரசல்ஸ் நோயாளரின் சிறுநீரக இழையமும் பால்கன் கமக்காரரின் சிறுநீரக இழையமும் நுணுக்குக்காட்டியில் ஒத்திருந்தன. முப்பது ஆண்டுகள் கிடப்பிலே கிடந்த இவிச்சின் கருத்து மீண்டும் உயிர்பெற்றது.

மூலக்கூற்றுச் சான்று

ஒத்திருத்தல் சான்றாகாது. சான்று மூலக்கூற்று மட்டத்திலே கிடைத்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் நைத்திரோக் கூட்டம் உடலின் நொதியங்களாலே தாழ்த்தப்படும்போது தாக்கவலு மிக்க இடைநிலைப் பொருள் ஒன்று தோன்றுகின்றது. அது டீ.என்.ஏ.யிலுள்ள அடினின் மூலத்துடன் பிணைந்துகொள்கின்றது. கலத்தின் திருத்தும் பொறிமுறை இப்பிணைப்பை எளிதில் இனங்காண்பதில்லை. ஆகவே அது சிறுநீரக இழையத்திலே பல்லாண்டுகள் நிலைத்திருக்கின்றது. கலம் பிரியும்போது அடினின் இருக்கவேண்டிய இடத்திலே தைமின் அமர்கின்றது. வேறு காரணங்களால் அரிதாகவே நிகழும் விகாரம் இது. குற்றவாளி விட்டுச்சென்ற கைரேகை போன்றது எனலாம்.

2007இல் குரோல்மன் குழுவினர் குரோசிய நோயாளரின் சிறுநீரகங்களிலே அப்பிணைப்புகளையும், கட்டிகளின் பி53 பரம்பரையலகிலே அக்கைரேகையையும் கண்டனர். கோதுமையுடன் கலந்த விதைபற்றிய ஐயம் இதனாற் பெரிதும் தீர்ந்தது. மேற்பாதைப் புற்றுநோய் வீதம் மிகவுயர்ந்த தாய்வானில் 151 நோயாளரை ஆராய்ந்த முடிவு 2012இல் வெளியாயிற்று. அங்கும் அதே விகாரமே மேலோங்கியிருந்தது. அவ்விகாரம் கொண்டோருள் 83 சதவீதத்தினரின் சிறுநீரகத்திலே அப்பிணைப்பும் இருந்தது. தாய்வானில் இம்மூலிகைகள் மரபு மருந்துகளிலே பெருவழக்காயிருந்து 2003இலே தடைசெய்யப்பட்டன. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் அரிஸ்டோலோக்கியா கொண்ட மூலிகை மருந்துகளை 2002இலேயே மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்ற முதலாம் பிரிவிலே சேர்த்திருந்தது.

எமது சூழல்

அரிஸ்டோலோக்கியா என்ற பெயர் கிரேக்க மொழியிலே சிறந்தது, மகப்பேறு என்னும் பொருளுடைய இரு சொற்களாலானது. பிள்ளைப்பேற்றுக்கு உதவுவதென நம்பப்பட்டமையால் வந்த பெயர் அது. எமது மொழியிலும் இக்குலத்துக்குரிய அரிஸ்டோலோக்கியா இண்டிக்காவுக்குப் பெருமருந்து என்றும் ஈசுரமூலி என்றும் பெயர் வழங்குகின்றது. ஆடுதீண்டாப்பாளை இதன் இனமே. சிங்கள மக்கள் சப்சந்த என்பர். விடக்கடி உட்படப் பல நோய்களுக்கு இவை மரபு மருந்தாகக் கையாளப்பட்டுள்ளன. மேலைக் கிரேக்கரும் கீழைத் தமிழரும் ஒரு தாவரக் குலத்தைப் புகழ்ந்து பெயரிட்டிருக்க, அதனுள்ளே உறைந்திருந்த நஞ்சை இருவருமே அறிந்திலர்.

இதனை எமது மருத்துவ மரபின் குறையெனக் காட்டி நகைப்பது பொருந்தாது. தன் பயனை உடனே காட்டும் மருந்தையும் உடனே கொல்லும் நஞ்சையும் அனுபவம் இனங்காணும். இருபது ஆண்டின் பின் புற்றுநோயாக வெளிப்படும் நஞ்சை எந்தத் தனி வைத்தியரின் அனுபவமும் இனங்காணாது. மேலை மருத்துவம் பினசெற்றினைப் பல்லாண்டுகள் நம்பி வழங்கியதை மறத்தலாகாது. இங்கு வேண்டப்படுவது பதிவேடும், எண்ணிக்கையும், ஒப்பீடும், ஆய்வுகூடமும் ஆகும். இயற்கையானது ஆதலின் தீங்கற்றது என்ற வாதமும், நாட்டு மருந்து ஆதலின் பயனற்றது என்ற வாதமும் ஒரே வகையான சோம்பலிலிருந்து பிறப்பன. ஒவ்வொரு மூலிகையையும் அதனதன் பெயரால் அன்றி அதனதன் வேதியியலால் மதிப்பிடல் வேண்டும். அரிஸ்டோலோக்கியாவைப் பொறுத்தவரை தீர்ப்பு வந்துவிட்டது. அதனை உள்ளே உட்கொள்ளும் மருந்தாக வழங்குதல் எவ்விதத்தும் நியாயமாகாது.

இலங்கையின் வடமத்திய மாகாணத்திலே 1990களிலிருந்து கமக்காரரைத் தாக்கிவரும், காரணம் நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயையும் இங்கு நினைத்தல் தகும். அந்நோயும் பால்கன் நோயும் ஒன்றெனக் கூறுதற்கில்லை. மேற்பாதைப் புற்றுநோய் அதன் அடையாளமாக நிறுவப்படவும் இல்லை. ஆயின் பால்கன் வரலாறு ஓர் எச்சரிக்கையைத் தருகின்றது. பல கருதுகோள்கள் மோதும்போது, ஆரவாரம் மிகுந்ததையன்றிச் சான்று மிகுந்ததைத் தேர்தல் வேண்டும். ஆரவாரமற்ற கருத்தையும் சோதித்துப் பார்க்காது தள்ளிவிடலாகாது.

முடிவுரை

1956 முதல் பால்கன் கமக்காரர் நோயுற்று மடிந்தனர். காரணம் நிறுவப்பட ஐம்பது ஆண்டுகள் சென்றன. பிரசல்ஸ் நகரிலே பெண்கள் நோயுற்றபோது காரணம் சில ஆண்டுகளிலே கண்டறியப்பட்டது. நகரத்துச் சிகிச்சை நிலையத்தில் யார் எதனை எவ்வளவு உட்கொண்டார் என்பதற்குக் குறிப்புகள் இருந்தன. கமக்காரன் வீட்டு மாவுக்குக் கணக்கு இருக்கவில்லை. இவ்வேறுபாடு உண்மையே. ஆயினும் நகரத்தவரின் நோய் விடை காணவேண்டிய வினாவாகவும் கிராமத்தவரின் நோய் அம்மண்ணின் இயல்பாகவும் கருதப்பட்டமை அவ்வேறுபாட்டினால் மாத்திரம் விளைந்ததெனக் கொள்ளுதல் கடினம்.

அரிய நோயொன்றை அறிதல் அரிய நிபுணருக்கு மாத்திரமே உரிய செயலன்று. சிறுநீரிலே இரத்தம் கண்டவர் அதனை மறையாது சொல்லுதல், அதனைக் கேட்கும் வைத்தியர் கல்லென்று முடித்துவிடாது மேலும் ஒருபடி ஆராய்தல், நோயாளி புகைத்ததையும் தொழிலையும் உட்கொண்ட கஷாயத்தையும் கடியாது கேட்டுப் பதிதல், அப்பதிவுகளை மாகாணந்தோறும் ஒன்றுசேர்த்தல் ஆகிய யாவும் கூட்டுச் செயல்கள். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நோவின்றி ஒருநாள் தோன்றி மறுநாள் மறைந்த செந்நிறத்தை ஒரு கமக்காரன் வாய்விட்டுச் சொல்லவும், அதனைச் செவிமடுத்து ஒருவர் எழுதிவைக்கவும் இடமுள்ள சமூகத்திலே இந்நோய் இத்துணைக் கொடியதாய் இராது.